ஆச்சி திடீரென்று குழம்பிப் பேசினால் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல பெரிய வீடுகளில் ஆச்சியும் ஐயாவும் மட்டும்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். போன வாரம் வரை தெளிவாகப் பேசிய ஆச்சி, "வளவுல யாரோ நிக்கிறாக, வெளக்கப் போடு" என்பார். "வயசாயிருச்சுல்ல" என்று போனை வைத்துவிடுகிறோம். பெரிய தவறு இதுதான். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஓரிரு நாளில் வந்து, காலையில் தெளிந்து, பொழுது சாய்ந்தால் கூடுகிற குழப்பம் வேறு. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிருமித் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம் என்று எதுவும் காரணமாகலாம். ஆனால் புதிதாக என்ன மாத்திரை போட்டார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கேட்டால், "சளிக்குக் கடையில வாங்குனது" என்பார்கள். அந்த மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. ஒழுகும் மூக்கை உலர்த்தும் அதே மருந்து, நினைவுக்கும் கவனத்துக்கும் மூளைக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தையும் தடுக்கிறது. வாய் உலரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் அடைக்கும், புத்தி தடுமாறும். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்சிபியூட்டினின் எனக் கொடுப்பவையும் இதே வேலையைச் செய்பவைதான். காரைக்குடி டாக்டர் ஒன்று, மதுரை டாக்டர் ஒன்று எழுத, இரண்டும் ஒரே வயிற்றில் சேர்கின்றன. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது.

கார்த்திகை விரதம் என்று பட்டினி கிடந்துகொண்டே சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போடுகிறவர்கள் உண்டு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை வெறும் வயிற்றில் சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் மோசம். வியர்வையும் உளறலும் சேர்ந்து வந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். விழுங்க முடிகிறவருக்கு இனிப்பு கொடுங்கள், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

பயந்துபோய் எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை குழப்பத்தைத் தரக்கூடியதுதான். ஆனால் நாள்பட்டுப் போட்டவர் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது சீட்டு மட்டும் போதாது. பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் மாத்திரை, டானிக், நாட்டு மருந்து, மகன் ஊரிலிருந்து கொண்டுவந்தது, எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். பாதி அட்டைகளில் பெயரே இருக்காது. கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள், பெயரும் தேதியும் மிச்சத் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். பெயர் தெரிகிற துண்டாகக் கேளுங்கள், இல்லையென்றால் முழு அட்டையாக வாங்கிவிடுங்கள்.