வலையில் மாட்டிய சாரை

கோழிக்கூட்டைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலையில் ஒரு சாரைப்பாம்பு மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அண்ணன் கம்போடு வந்துவிட்டார். அவரைத் தடுத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 101-க்குப் போன் செய்தேன். சாரைக்கு விஷம் இல்லைதான். ஆனால் தூரத்தில் பார்த்து சாரையா நல்லபாம்பா என்று சொல்ல எல்லோராலும் முடியாது.

தீயணைப்புத் துறையோடு வந்த பாம்பு பிடிப்பவர் முதலில் தலைமேல் ஈரத்துணியைப் போட்டார். கண் மறைந்ததும் துள்ளல் அடங்கியது. பாம்பை இழுக்கவே இல்லை. இழுத்தால் செதில் கிழியும், நூல் இன்னும் இறுகும். சின்னக் கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக, உடம்புக்கு எதிர்ப்பக்கமாக வெட்டினார். காயம் பெரிதாக இல்லாததால் பக்கத்து ஓடைப் புதரிலேயே விட்டார். வெகுதூரம் கொண்டுபோய் விட்டால் இரையும் மறைவிடமும் தெரியாமல் அலையுமாம்.

அப்புறம் நைலானைக் கழற்றி எறிந்துவிட்டு, கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலையை அடித்தேன். தரைக்குள்ளும் கொஞ்சம் இறக்கிப் புதைத்தேன். சிந்திய தீவனத்தைச் சாயங்காலமே கூட்டிவிடுகிறோம்; எலி குறைந்திருக்கிறது. இரவில் கூட்டுப் பக்கம் போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம், கட்டுவிரியன் நடமாடும் நேரம் அது.