மீன்தலைச் சாற்றின் கசப்பும் கலங்கலும் நீங்கிய விதம்

திருகோணமலையில் விளைமீனோ பாரையோ வாங்கும்போது தலையையும் முள்ளையும் கேட்டு வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் கூழுக்கென்று அவற்றை அவித்தெடுத்த சாறு நெடுங்காலம் கலங்கலாகவும் அடிநாக்கில் கசப்பாகவுமே இருந்தது.

கசப்புக்குக் காரணம் செவுளும், நடுமுள்ளின் உட்புறத்தில் கருஞ்சிவப்பாக உறைந்து ஒட்டியிருக்கும் இரத்தமுமே. செவுளை முழுவதும் வெட்டியெறிந்து, அந்த இரத்தக் கோட்டைக் கத்தி நுனியால் கீறி, விரலால் உரசிக் கழுவி, உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்த பின்னரே அடுப்பில் ஏற்றத் தொடங்கினேன். கசப்பு அறவே நீங்கிற்று.

கலங்கலுக்குக் காரணம் தளதளவென்ற கொதி. முள் மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீர் விட்டு, திரளும் நுரையை அகப்பையால் அள்ளியெடுத்து, ஓரத்தில் ஓரிரு குமிழ்கள் மட்டும் எழும்பும்படி நெருப்பைத் தணித்தால், கொழுப்பும் புரதத் துகள்களும் நீருடன் கலக்காமல் சாறு தெளிந்து நிற்கும். வெங்காயமும் மிளகும் வாசனைக்கு ஒரு துண்டு ரம்பை இலையும் போதும். உப்பு இப்போது வேண்டாம், பின்னர் கூழ் வற்றும்போது கரிக்கும். மாட்டெலும்பைப் போல மணிக்கணக்கில் அவிப்பது மீன் முள்ளுக்கு ஆகாது. 20 முதல் 30 நிமிடங்களே போதுமானவை. துணியில் வடிக்கும்போது பிழியவும் கூடாது. சூரை, கும்பளா போன்ற எண்ணெய்ப்பற்றுள்ள மீன்களை நான் இதற்குச் சேர்ப்பதேயில்லை.