காவலில் கணவரை இழந்த பெண் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

கணவர் காவல் நிலையத்திலோ, சிறையிலோ, வனத்துறையின் காவலிலோ இறந்துவிட்டார் என்ற செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் மனைவியின் முன் ஒரு தாள் நீட்டப்படும். "பாடிய வாங்கிக்கிறதுக்குத்தாம்மா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். அந்தத் தாளில் எழுதியிருப்பதை உங்களுக்கு வேண்டிய ஒருவர் உரக்கப் படித்துக் காட்டும் வரை கையெழுத்தும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம். சேலத்திலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் இத்தகைய குடும்பங்களோடு அலைந்ததில் நான் கண்டது ஒன்றுதான்: பல ஆண்டுகள் நடக்கப்போகும் வழக்கின் பலம் முதல் சில நாட்களிலேயே சேர்கிறது, அல்லது சிதறிப்போகிறது. நம் ஊர் வழக்கமோ அந்த நாட்களில்தான் பெண்ணை மூலையில் உட்காரவைக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகளில் பாதி அந்தப் பதினாறு நாட்களுக்குள் கேட்டுப் பெற வேண்டியவை.

முதல் உரிமை நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 196ஆம் பிரிவின்படி, காவலில் ஒருவர் இறந்தால் காவல்துறை நடத்தும் விசாரணைக்கு மேலாக அந்த எல்லைக்குரிய நடுவரும் தனியே விசாரிக்க வேண்டும். இயன்றவரை உறவினருக்குத் தகவல் தந்து, அவர்களை அங்கே இருக்கவும் அனுமதிக்க வேண்டும். மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லாரும் இதில் உறவினரே. ஆகவே, "விசாரணை எப்போது, எங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரிவிக்க வேண்டும், நான் நேரில் இருக்க விரும்புகிறேன்" என்று எழுதி நடுவர் நீதிமன்றத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது கேட்காததற்குச் சமம்.

அடுத்தது பிரேதப் பரிசோதனை. இதில் அவசரப்படுத்தவே எல்லாரும் முயல்வார்கள். காவல் மரணங்களில் குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் பரிசோதனை செய்யக் கூடாது, முன்னும் பின்னும் உடலைப் பார்க்க உறவினரை அனுமதிக்க வேண்டும், தடய மருத்துவம் படித்த இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுக்க வேண்டும், உடல் முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றெல்லாம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அறிக்கையில் ஐயம் இருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போகப்போவதாகக் குடும்பம் சொன்னால், உடலை 48 மணி நேரமாவது சவக்கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. உடலைப் பார்க்கும்போது அழுகைக்கு நடுவிலும் ஒருவர் நிதானமாக இருந்தாக வேண்டும். உள்ளங்கால், பிட்டம், தொடையின் பின்பக்கம், மணிக்கட்டு, காதின் பின்புறம், நகக்கண் ஆகிய இடங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுக்கட்டும். முன்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் துணியை மூடிவிட்ட குடும்பங்கள் பிறகு வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

உடலை வாங்க மறுத்துப் போராடுவதா வேண்டாமா என்பதைக் குடும்பமே முடிவுசெய்ய வேண்டும். வெளியாட்கள் நெருக்கக் கூடாது. ஆனால் வாங்கினால் எரிக்காதீர்கள், புதையுங்கள். உங்கள் குலவழக்கம் எரிப்பதாக இருந்தாலும் இதை மட்டும் பெரியவர்களிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை சுட்டதில் தமிழகத்தின் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் சித்தேரி, ஜவ்வாது மலைப் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பலர். ஒருவரின் மனைவி உயர் நீதிமன்றம் சென்றார். எரிக்கப்படாமல் இருந்த உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடத்த உத்தரவு வந்தது. உடல் இருந்தால்தானே மறுபடி பார்க்க முடியும்?

சேர்வராயன் மலையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது, கொடியில் ஒரு கட்டம் போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காபித் தோட்டத்தில் வேலை பார்த்த கணவர் கடைசியாக அணிந்திருந்த சட்டை அது. மருத்துவமனையிலிருந்து பையில் கட்டிக் கொடுத்ததை, ரத்தக் கறையோடு வைத்திருக்க மனம் வராமல், அந்தப் பெண் சோப்புப் போட்டு மூன்று முறை அலசியிருந்தார். அவர் மீது என்ன குறை சொல்ல முடியும்? ஆனால் முதுகுப் பக்கம் கிழிந்திருந்த இடம் மட்டுமே அதில் மிஞ்சியிருந்தது. ஆடைகள் உங்கள் கைக்கு வந்தால் துவைக்காதீர்கள். ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் அல்லாமல் பழுப்புக் காகித உறையில் போட்டு, தேதியும் யார் கொடுத்தார்கள் என்பதும் எழுதி ஒட்டுங்கள். பிறகு வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம்.

காகிதங்களில் மிக முக்கியமானவை காவல்துறை எழுதாதவை. அவரை உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தால் அங்கே போடப்படும் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), ரிமாண்டுக்கு அனுப்பியபோது நடுவர் குறித்துக்கொண்டது, சிறையில் சேர்த்தபோது உடம்பில் இருந்த காயங்களைப் பற்றிய பதிவு ஆகிய மூன்றின் நகலையும் எழுதிக் கேளுங்கள். கேமரா பதிவையும் முதல் நாளே கேளுங்கள். காவல் நிலையக் கேமராக்களின் பதிவைப் பதினெட்டு மாதம், குறைந்தது ஓராண்டாவது, பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை, மகன் காவல் மரணத்தை விசாரிக்கப் போன நடுவர், பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். எனவே "இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரையிலான பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்" என்று நடுவருக்கும் எஸ்.பி.க்கும் ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வழியிலுள்ள கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களையும் விடாதீர்கள். நம் மாவட்டத்திலேயே 2021 ஜூனில் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில் காவலர் தாக்கியதில் ஒருவர் இறந்தபோது, உடன் வந்தவர்களின் கைப்பேசி வீடியோ பரவியது. சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். அத்தகைய படம் எடுத்தவரிடம் மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்; வாட்ஸ்அப்பில் வந்த நகல் மட்டும் போதாது. நேரில் பார்த்தவர்கள் பயப்படுவது இயல்பே. பி.என்.எஸ்.எஸ். 183ஆம் பிரிவின்கீழ் நடுவர் முன் அவர்கள் சீக்கிரமாக வாக்குமூலம் தரும்படி வழக்கறிஞரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

புகாருக்கு வருகிறேன். புகார் வாங்கியதற்காகக் காவல் நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, வழக்குப் பதிந்ததற்கான எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேறு, ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டாயிற்று என்று நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். சந்தேக மரணம் என்று பி.என்.எஸ்.எஸ். 194ஆம் பிரிவில், அதாவது பழைய சட்டத்தின் 174இல், பதிந்திருப்பதும் கொலை வழக்கு ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், ஏற்காடு, வாழப்பாடி போன்ற ஊர்களுக்கு மாவட்ட எஸ்.பி.க்கும், சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையருக்கும் தபாலில் புகார் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் அதே சட்டத்தின் 175(3)ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் மனு. கணவர் நம் மலைகளில் வாழும் மலையாளி உள்ளிட்ட பழங்குடியினராகவோ பட்டியல் சாதியினராகவோ இருந்து, தாக்கியவர் அவ்வாறு அல்லாதவராக இருந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். அப்போது டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 2016இல் திருத்திய விதிகள் கொலைக்கு 8,25,000 ரூபாய் நிவாரணம் என்கின்றன. பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பின்னும், பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போன பின்னும் தர வேண்டும். சாதிச் சான்று கையில் இல்லையென்றால் அதற்கு அன்றே விண்ணப்பியுங்கள்.

என்கவுன்ட்டர் என்று சொல்லப்பட்டால் 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல்களைக் காட்டுங்கள். எஃப்.ஐ.ஆர். கட்டாயம், சுட்ட நிலையத்தார் தாங்களே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு நிலையத்தாரோ மேலதிகாரியின் கீழ் விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணையும் உண்டு. இவை மீறப்பட்டால் குடும்பத்தினர் அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம்.

மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். மாநில ஆணையம், தேசிய ஆணையம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எழுதாதீர்கள். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் எடுத்துக்கொள்ளாது. மாநில ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருப்பதால் இது வீண் வேலை அல்ல.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அரசு தரும் நிவாரணத்தை வாங்கினால் வழக்கை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், ஆகாது. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கக் கூடாதது, ஊர்ப் பெரியவர் மூலமாக இரவில் வரும் பணமும் அதோடு சேர்ந்து வரும் "எங்களுக்குப் புகார் இல்லை" என்ற தாளும்தான்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும், பெண் என்ற ஒரே காரணத்துக்காக உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. சேலத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். சி.பி.சி.ஐ.டி. அல்லது சி.பி.ஐ. விசாரணை வேண்டுமென்றால் ரிட் மனுப் போட வேண்டிய இடம் சென்னை. சேலம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வராது. விசாரணையின் நிலையைத் 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது காவல்துறையின் கடமை. குற்றம் நடக்கவில்லை என்று வழக்கை முடித்துவிட்டதாக நோட்டீஸ் வந்தால் அதைத் தீர்ப்பு என்று எண்ணாதீர்கள். நடுவர் முன் ஆட்சேப மனுப் போடலாம். அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி வரவில்லை என்று இழுத்தால், பி.என்.எஸ்.எஸ். 218ஆம் பிரிவின்படி 120 நாட்களில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்பதை வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள்.

வழக்கு நீளும். அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992இல் அரசுப் பணியாளர்கள் செய்த கொடுமைக்கு 2011இல் தண்டனை வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். அந்தப் பெண்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் போய்ச் சாட்சி சொன்னார்கள். ஆகையால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, புகார் நகல், தபால் ரசீது எல்லாவற்றையும் மூன்று படிகளாக எடுத்து, ஒரு படியை வீட்டிலும், ஒன்றை வழக்கறிஞரிடமும், இன்னொன்றை மலைக்குக் கீழே நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். மூலப்பத்திரத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பள்ளி நோட்டு ஒன்றில், யார் எந்தத் தேதியில் வீட்டுக்கு வந்தார்கள், என்ன சொன்னார்கள், எந்த வண்டியில் வந்தார்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லி, அடியில் உங்கள் கைநாட்டை வையுங்கள்.