மாத்திரை நோட்டில் வேட்பாளர் கணக்கு

புளியரையில் இருக்கிறேன்; மலை ஏறினால் கேரளம். தேர்தல் வந்தால் அம்மாவின் சர்க்கரை மாத்திரை நோட்டை எடுத்து, பின்பக்கம் கட்டம் போடுவேன். மருத்துவத்துக்கு எந்த வேட்பாளர் என்ன செய்வதாகச் சொல்கிறார் என்று எழுத, ஆளுக்கு ஒரு வரிசை.

முதலில் எந்தத் தேர்தல் என்று பாருங்கள். மருத்துவமனைகள் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் பொறுப்பில் வருபவை. டாக்டர் பணியிடம், ராத்திரி டூட்டி எல்லாம் எம்எல்ஏ வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை. எம்பி வேட்பாளரிடம் மத்தியக் காப்பீட்டையும், வருடம் 5 கோடி ரூபாய் தொகுதி நிதியில் சுகாதாரத்துக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் தேர்தல் அறிக்கையைப் பென்சிலோடு படியுங்கள். 'தரமான சிகிச்சை' என்று இருந்தால் அடித்துவிடுங்கள், அது யாருக்கும் செலவு வைக்காத சொல். எத்தனை பேர், எந்த வருடத்துக்குள், பணம் எங்கிருந்து? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் கட்டத்தில் எழுதுவேன்.

காப்பீட்டில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மத்திய அரசின் காப்பீடான ஆயுஷ்மான் பாரத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்பது படுக்கையில் சேர்ந்தால் கிடைப்பது. அம்மா மாதாமாதம் விழுங்கும் மாத்திரை அதில் வராது. அதற்கு 2021இல் தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் போன்ற ஏற்பாடு வேண்டும். ஆகவே 'காப்பீட்டை உயர்த்துவோம்' என்பவரையும் 'மாத்திரை வீட்டுக்கு வரும்' என்பவரையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள்.

எங்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு: அவசரத்துக்குத் திருவனந்தபுரம் ஓடினால் நம் காப்பீட்டு அட்டை அங்கே எந்த ஆஸ்பத்திரியில் செல்லும்?

போன முறை ஒருவர் வீட்டுக்கே வந்தார். ஏழு கேள்வி கேட்டேன். ஏழு கட்டமும் காலி. டீயை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.