பள்ளியில் புகார் வந்தால் செய்யக்கூடாதவை

அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்ததும், தலைமையாசிரியர் அறையில் பெரும்பாலும் முதலில் எழும் குரல் இதுதான்: "வெளிய தெரிஞ்சா ஸ்கூல் பேரு கெட்டுடும், முதல்ல நாமளே விசாரிச்சுடுவோம்." கெட்ட எண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்றில்லை. ஆனால் பாலியல் புகாரில் மற்ற எல்லாத் தவறும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆதாரம் திரட்டுவது பள்ளியின் வேலையே இல்லை. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் நடவடிக்கை வராது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. பயப்படும் ஆசிரியர்கள் இதைப் படிப்பதில்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த போலி என்சிசி (தேசிய மாணவர் படை) முகாம் பாலியல் விவகாரத்தில், விஷயத்தை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள்.

"நாமளே விசாரிப்போம்" என்றால் நடைமுறையில் என்ன? சிறுமி வகுப்பாசிரியையிடம் சொல்வாள். பிறகு தலைமையாசிரியரிடம், அப்புறம் மேலாண்மைக் குழுத் தலைவரிடம், கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவரையே எதிரே நிற்க வைத்து ஒருமுறை. நாலாவது தடவைக்குள் பிள்ளை மிரண்டுபோய் ஏதாவது ஒன்றை மாற்றிச் சொல்லிவிடும். பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த முரண்பாட்டைத்தான். முதலில் கேட்டவர் குறுக்கே பேசாமல் கேட்டு, பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டால் போதும்.

பெற்றோருக்கு இருக்கும் பயம் வேறு: "பொண்ணு ஸ்டேஷன் படி ஏறணுமே." ஏற வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசுவதும், ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு முடிந்தது என்பதும் அடுத்த தவறுகள். மாற்றல் என்பது அந்த ஆளை இன்னொரு பள்ளிப் பிள்ளைகளிடம் அனுப்பி வைப்பதுதான்.

மாணவர்களுக்குள் நடக்கும் வன்முறையில் தவறு வேறு மாதிரி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் தொல்லையால் பள்ளிக்குப் போகாமலிருந்த பட்டியல் சாதி மாணவர் பள்ளியில் புகார் சொன்னார். அதன் பிறகு இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. இதைச் சாதாரணப் பையன்கள் சண்டையாக நினைத்து, இரு தரப்பையும் ஒரே அறையில் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்வது இன்றும் பல பள்ளிகளில் நடக்கிறது. புகார் சொன்னவன் யார் என்பதை நாமே காட்டிக்கொடுத்த கணக்குத்தான் அது. புகாரை வாங்கியதும், இன்று மாலை அவன் எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போவான் என்று முதலில் கேளுங்கள். சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று, பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தது. சரி, ஆனால் கயிற்றை அறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அதுவும் தவறுதான்.

மாணவர்கள் புகாரை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. சிசிடிவி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள், சம்பவம் நடந்ததும் பதிவை எடுத்து வைக்கிறார்களா? நாள் போனால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

வாட்ஸ்அப்பில் பள்ளிப் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் போட்டு "நீதி வேண்டும்" என்று பகிராதீர்கள். பெயர் போடாவிட்டாலும் பிள்ளை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அடையாளத்தை வெளியிடுவதும் போக்சோவில் குற்றம். பகிரும் நேரத்தில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417-க்கோ அழைக்கலாம்.