இருபத்தைந்து வயதில் மருத்துவக் காப்பீடு: பிரீமியத்தை மட்டும் பார்த்து எடுப்பவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்கில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் முடிந்து, பையைக் கட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருப்பவரிடம், "உங்க பாலிசியில இவ்வளவுதான் அப்ரூவ் ஆகியிருக்கு, மீதியை கவுன்டர்ல கட்டிடுங்க" என்று சொல்ல வேண்டியது நான்தான். அதைக் கேட்டு முகம் வெளிறிப் போகிறவர்களில் நிறையப் பேர் இருபத்தைந்து, இருபத்தெட்டு வயதுக்காரர்கள். பாலிசி இல்லாதவர்கள் அல்ல, முதல் சம்பளத்திலேயே பொறுப்பாகப் பாலிசி எடுத்தவர்கள். செல்போனில் விலை குறைச்சலிலிருந்து அடுக்கிப் பார்த்து, மேலே வந்ததை எடுத்தவர்கள்.

சின்ன வயதில் பிரீமியம் குறைவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று கைக்காசு எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். அந்தக் கணக்கு தப்புகிற இடங்களை, நான் அதிகம் பார்த்த வரிசையில் சொல்கிறேன்.

அறை வாடகை வரம்பைப் பார்க்காமல் விடுவது

ஒரு பையன் அப்பென்டிக்ஸ் ஆபரேஷனுக்கு வந்தான். மூன்று லட்சம் ரூபாய் பாலிசி. அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 ரூபாய் வரைதான். அம்மா கூடத் தங்க வேண்டும் என்று 6,000 ரூபாய் அறையை எடுத்தார்கள். "மூணு நாளைக்கு ஒன்பதாயிரம் எக்ஸ்ட்ரா ஆகும், பரவால்ல சார்" என்றார் அப்பா.

ஒன்பதாயிரத்தோடு அது நிற்காது. எளிதாகப் புரிய, தொகைகளை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். அறை 18,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 72,000. மருந்தும் பரிசோதனைகளும் 40,000. மொத்தம் 1,30,000. அனுமதித்த வாடகை, எடுத்த அறையின் வாடகையில் பாதி. அதனால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணமும் பாதிதான் கிடைக்கும். இதை விகிதாசாரக் கழிவு என்பார்கள். மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது. ஆக 9,000, 36,000, 40,000 சேர்த்து வந்தது 85,000. கையிலிருந்து கட்டியது 45,000. கையுறை, மாஸ்க் போன்ற, பாலிசியில் சேராத சில்லறைச் சாமான்களின் செலவு இதற்கு மேல் தனி.

அந்த அப்பா பில்லை மூன்று முறை வாங்கிப் படித்தார். எங்காவது கூட்டல் தப்பியிருக்குமோ என்று தேடினார். தப்பே இல்லை, பாலிசியின் விதியே அதுதான் என்று அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது.

ஆகவே பிரீமியத்தைப் பார்க்கும் முன் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். வரம்பே இல்லாதது நல்லது. 'சிங்கிள் பிரைவேட் ஏசி ரூம்' என்று அறை வகையைச் சொல்லியிருந்தாலும் போதும். சதவீதக் கணக்கு என்றால் உங்கள் ஊர் மருத்துவமனையில் அறைக்கு என்ன வாடகை என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பாலிசி ஏற்கனவே கையில் இருக்கிறதா? அட்மிஷன் போடும்போதே வரம்புக்குள் வரும் அறையைக் கேளுங்கள். நடுவில் மாறிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பட்ஜெட் உண்மையிலேயே இறுக்கம் என்றால் 'ஆரோக்கிய சஞ்சீவனி' இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பொதுப் பாலிசி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் நிபந்தனைகள் ஒன்றே. அறை வாடகை 2 சதவீதம், ஆனால் நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். பெரிய நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு இது போதாது. நடுத்தர ஊரில், ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

'எல்லாத்துக்கும் நோ போட்டுடலாம்'

விண்ணப்பத்தில் பழைய நோய், சிகிச்சை பற்றிய கேள்விகள் வரும். ஏஜென்ட் போனில் கேட்டுக்கொண்டே நிரப்புவார். "சின்ன வயசுல வீசிங்கா? அதெல்லாம் போட வேண்டாம், பிரீமியம் ஏறும்." பெரும்பாலானவர்கள் இதற்குச் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

பிறகு ஒருநாள் நெஞ்சுச்சளி முற்றி, மூச்சு வாங்கி, இரவு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். டியூட்டி டாக்டர் கேட்பார்: "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" பக்கத்தில் நிற்கும் அம்மா பதில் சொல்வார்: "ஆமா டாக்டர், ஸ்கூல் படிக்கும்போதிருந்தே இன்ஹேலர் இருக்கு." அம்மா செய்தது சரி, டாக்டருக்கு அது தெரிய வேண்டும். அந்த வரி கேஸ் ஷீட்டில் ஏறும், அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும், நான் அதை ஸ்கேன் செய்து காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்புவேன். மறுத்து பதில் வரும்: மறைக்கப்பட்ட தகவல். கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியையே ரத்து செய்யவும் அவர்களுக்கு இடமுண்டு. ஐந்து வருஷம் தொடர்ந்து புதுப்பித்த பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. முதல் ஐந்து வருஷத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அதாவது அது முடியும் வரை அந்த நோய்ச் செலவுக்குக் கிளெய்ம் கிடையாது, அது 2024-ல் வந்த விதிப்படி 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. இருபத்தைந்தில் எடுத்தால் இருபத்தெட்டில் முடிந்துவிடும். சில நேரம் பாலிசி தரவே மறுக்கவும் செய்வார்கள், அப்போது இன்னொரு கம்பெனியைக் கேட்கலாம். தைராய்டு மாத்திரை, பிசிஓடி, மனநல சிகிச்சை, பழைய எலும்பு முறிவில் வைத்த பிளேட், எதையும் விடாதீர்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். பாலிசியோடு வரும் அதன் நகலை ஒருமுறை படியுங்கள். ஏஜென்ட் மாற்றிப் போட்டது அங்கேதான் கண்ணில் படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளி 'அஞ்சு மாசமா' என்றது சம்மரியில் ஐந்து வருஷம் என்று ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லால் கிளெய்ம் விழும். சம்மரியின் வரைவை டாக்டர் கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்கிப் படியுங்கள். திருத்துவதற்கு அதுதான் நேரம். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

'ஆபீஸ்ல இருக்கே'

கம்பெனி கொடுக்கும் குரூப் இன்சூரன்ஸ் நல்ல விஷயம்தான். பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் கொடுக்கும். ஆனால் ராஜினாமா செய்தால் அது உங்களோடு வராது. நவம்பரில் ஒரு வேலையை விட்டு ஜனவரியில் அடுத்ததில் சேருகிற இடைவெளி, மழைக்காலத்தில் வருகிற டெங்குவுக்குத் தெரியாது. வேலையை விடும்போது அதே காப்பீட்டுக் கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாற்றித்தரக் கேட்கலாம். கடைசி வேலை நாளுக்கு முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சொந்தப் பாலிசிக்கு இன்னொரு காரணம், காத்திருப்புக் காலம். விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் எதுவும் கிடையாது. சிறுநீரகக் கல், மூலம், குடலிறக்கம், சைனஸ் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷம். இதெல்லாம் வயதானவர்கள் வியாதி என்று நினைக்காதீர்கள். கல் வலியில் சுருண்டு வருபவர்களில் பாதிப்பேர் ஐ.டி. பசங்களாகத்தான் எனக்குத் தெரிகிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்தால் இந்தக் காலம் சத்தமில்லாமல் ஓடிவிடும்.

முழுப் பிரீமியம் கட்ட இப்போது முடியவில்லை, ஆபீசில் 5 லட்சம் இருக்கிறது என்றால் சூப்பர் டாப்-அப் பாருங்கள். 5 லட்சத்துக்கு மேல் வரும் செலவை அது ஏற்கும், பிரீமியம் குறைவு. வேலை போனால் அந்த முதல் 5 லட்சம் உங்கள் தலையில் விழும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வெறும் 'டாப்-அப்' வேறு. ஒரே வருஷத்தில் மூன்று லட்சம் வீதம் இரண்டு முறை செலவானால் சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி, 5 லட்சம் போக ஒரு லட்சம் தரும். டாப்-அப் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து ஒன்றும் தராது.

பாலிசியே தேவையா என்று பார்க்காதவர்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கி, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஏற்கனவே மருத்துவ வசதி உண்டு. தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், ஒரு பைசா பிரீமியம் கிடையாது. அந்த அட்டை பீரோவில் கிடக்க, கடன் வாங்கிப் பணம் கட்டிய வீடுகளைப் பார்த்து மனசு ஆறவில்லை. முதலில் இந்த இரண்டையும் சரிபாருங்கள்.

அப்பா அம்மாவையும் சேர்த்து ஒரே ஃப்ளோட்டராக, அதாவது குடும்பமே ஒரு தொகையைப் பகிர்ந்துகொள்ளும் பாலிசியாக எடுப்பதும் தவறு. மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். உங்களுக்குத் தனியாக, அவர்களுக்குத் தனியாக எடுங்கள்.

மார்ச் மாதம் வரிக்கணக்குக்காக அவசர அவசரமாக எடுக்காதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரீமியத்துக்கு வரிச்சலுகையே கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது. பழைய விலைப் பட்டியலை வைத்து யாராவது பேசினால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்த பிறகு

பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த முப்பது நாளில் வாடிக்கையாளர் தகவல் தாளைப் படியுங்கள். என்ன உண்டு, என்ன இல்லை, எவ்வளவு காத்திருப்பு என்று அதில் சுருக்கமாக இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தர வேண்டும்.

பாலிசியில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்றும் பாருங்கள். ஏஜென்ட் தன் எண்ணையே போட்டு, புதுப்பிக்கச் சொல்லும் எஸ்.எம்.எஸ். அவருக்கே போய், அவர் தொழிலை விட்டுவிட்டதால் பாலிசி காலாவதியான கதை எங்கள் டெஸ்கில் புதிதல்ல. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி போகாது, ஆனால் விட்ட நாட்களில் அட்மிட் ஆனால் கிளெய்ம் கிடைக்காது. சலுகைக் காலமும் தாண்டினால் இத்தனை வருஷம் கழித்த காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து.

கிளெய்மை அநியாயமாக மறுத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் புகாருக்காக நடத்தும் 'பீமா பரோசா' இணையதளம். அதற்கும் மேல் சென்னை தேனாம்பேட்டையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க முடியும்.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு, பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையனை ரூம்மேட்டுகள் தூக்கி வந்தார்கள். பாலிசி இருக்கிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி என்று தெரியாது. அவன் செல்போன் பூட்டியிருந்தது, அவனுக்கு நினைவில்லை. காலையில் அவன் அம்மா ஊரிலிருந்து வந்து சேரும் வரை முன்பணத்தை மூன்று பேரும் தங்கள் அக்கவுன்ட்டிலிருந்து போட்டார்கள். உங்கள் பாலிசி அட்டையைப் படம் எடுத்து, வீட்டுக்கும் ரூம்மேட்டுக்கும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.