லினக்ஸில் சாஃப்ட்மோடம்: டயல்-அப் இணைப்பை ஓட வைப்பது எப்படி

லேப்டாப்பில் உபுண்டு 8.04 என்ற 2008-ஆம் ஆண்டு லினக்ஸ் பதிப்பைப் போட்டாயிற்று. பாட்டு கேட்கிறது, படம் ஓடுகிறது, பென் டிரைவைச் செருகினால் உடனே திறக்கிறது. தொலைபேசி ஒயரைச் செருகினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. விண்டோஸ் இருந்தவரை இதே மோடம் நன்றாக டயல் செய்துகொண்டிருந்தது. பிராட்பேண்ட் எட்டாத ஊர்களில் அப்போது லினக்ஸைத் தொட்டுப் பார்த்த பலரும் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் போய் பழையபடி விண்டோஸுக்கே திரும்பிவிட்டார்கள். அப்படித் திரும்பத் தேவையில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்; சொல்வதெல்லாம் அந்தப் பதிப்புக்கு.

நானும் முதலில் இரண்டு வாரம் வீணாக்கினேன். லேப்டாப் கம்பெனியின் பெயரையும் மாடல் எண்ணையும் வைத்து டிரைவர் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. உள்ளே இருக்கும் சில்லு எது என்று தெரிந்த அன்றைக்கு, அரை மணி நேரத்தில் இணைப்பு கிடைத்துவிட்டது. அதனால் இந்த விளக்கத்தில் பாதி இடம் சில்லைக் கண்டுபிடிப்பதற்கே போகிறது.

ஒரு விஷயம். கட்டளைகளை எல்லாம் போனில் ஒருவருக்குச் சொல்வது போல ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சன்னலில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். வீட்டில் இணையம் இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தை பிரவுசிங் சென்டரில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனால் வசதி.

சாஃப்ட்மோடம் என்றால் என்ன?

கணினியின் எண்களைத் தொலைபேசிக் கம்பியில் போகிற ஒலியாக மாற்றுவதும், வருகிற ஒலியைத் திரும்ப எண்களாக மாற்றுவதும் மோடத்தின் வேலை. தனிப் பெட்டியாக, சீரியல் கேபிளோடு வந்த பழைய மோடங்களில் இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே ஒரு செயலி உள்ளே இருக்கும். சாஃப்ட்மோடத்தில் அது கிடையாது. விலையைக் குறைக்க அதை எடுத்துவிட்டு, கம்பியோடு பேசும் ஒரு சின்னச் சில்லை மட்டும் வைத்திருப்பார்கள். ஒலிக்கணக்கு முழுவதும் கணினியின் செயலி மேல் விழுகிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் வந்ததால்தான் இவற்றுக்கு வின்மோடம் என்ற பெயரே வந்தது.

ஆக, லினக்ஸில் நமக்கு இரண்டு வேண்டும். சில்லோடு பேச கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், ஒரு டிரைவர், ஒலிக்கணக்கு போட ஒரு நிரல். முதலாவது பெரும்பாலும் உபுண்டுவிலேயே இருக்கிறது. இல்லாதது இரண்டாவதுதான்.

சில்லைக் கண்டுபிடிப்பது

டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்:

எல்எஸ்பிசிஐ -என்என் | க்ரெப் -ஐ மோடம்

என் லேப்டாப்பில் வந்த வரியில் இன்டெல் 82801டிபி, ஏசி'97 மோடம் கன்ட்ரோலர் என்று இருந்தது. கடைசியில் சதுர அடைப்புக்குள் 8086:24சி6. முன்பாதி கம்பெனியின் எண், பின்பாதி பொருளின் எண். 8086 என்றால் இன்டெல். அதைப் பார்த்ததும் இன்டெல் மோடம் டிரைவரைத் தேடக் கிளம்பிவிடாதீர்கள். நான் தடுக்கி விழுந்தது சரியாக இங்கேதான். ஏசி'97 என்ற ஒலி-மோடம் தரத்தில் இன்டெல் கொடுப்பது வாசலை மட்டும். அந்த வாசலுக்குப் பின்னால் கோடெக் என்று இன்னொரு சில்லு, வேறொரு கம்பெனியுடையது, உட்கார்ந்திருக்கிறது. எந்த டிரைவர் வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

அதைப் பார்க்க, முதலில் ஒலி அட்டைகளின் பட்டியலை எடுக்க வேண்டும். லினக்ஸ் இந்த வகை மோடத்தை ஓர் ஒலி அட்டையாகவே நடத்துகிறது. செய்கிற வேலையும் ஒலி வேலைதானே.

ஏப்ளே -எல்

(இதில் எல் சிறிய எழுத்து.) கார்டு 1, மோடம் என்று ஒரு வரி வந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. வராவிட்டால், சுடோ மோட்ப்ரோப் எஸ்என்டி-இன்டெல்8எக்ஸ்0எம் என்று அடித்து டிரைவரை ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். வியா சிப்செட் என்றால் எஸ்என்டி-வியா82எக்ஸ்எக்ஸ்-மோடம், ஏடிஐ என்றால் எஸ்என்டி-ஏடிஐஐஎக்ஸ்பி-மோடம். அப்புறம்:

கேட் /ப்ராக்/அசவுண்ட்/கார்டு1/கோடெக்97#0/எம்சி97#1-1

இதை முழுதாக அடிக்க வேண்டியதில்லை. கார்டு1 வரை அடித்து டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் தானாக நிரம்பும். வருகிற முதல் வரியில் கோடெக்கின் பெயர் இருக்கும். எனக்கு சிலிக்கான் லேபரட்டரி எஸ்ஐ3036 என்று வந்தது. சிலிக்கான் லேப்ஸ் என்று கண்டால் மகிழ்ச்சியோடு மேலே படியுங்கள், ஸ்மார்ட்லிங்க் என்ற கம்பெனியின் ஒலிக்கணக்கு நிரல் அதற்குப் பொருந்தும்.

கொஞ்சம் புதிய லேப்டாப்களில் ஏசி'97 இருக்காது, அதற்கு அடுத்த தலைமுறையான ஹெச்டிஏ ஒலி அட்டை இருக்கும். அதில் எல்எஸ்பிசிஐ மோடம் என்று எதையும் காட்டாது. ஏப்ளே பட்டியலில் கார்டு 0, டிவைஸ் 6 என்ற இடத்தில் எஸ்ஐ3054 மோடம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கும் இதே வழிதான்.

கோடெக்கின் பெயர் கோனெக்சன்ட் என்றோ, பிசிஐ எண் (முதல் கட்டளையில் சதுர அடைப்புக்குள் வந்தது) 14எஃப்1 என்று தொடங்கியோ வந்தால் உங்களுக்கு வேண்டியது லினக்ஸன்ட் கம்பெனியின் ஹெச்எஸ்எஃப் டிரைவர். அதன் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட் வேகத்தோடு நின்றுவிட்டது, முழு வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 11சி1 என்றால் லூசன்ட்-அகெரே. அதற்கு எல்டிமோடம் அல்லது மார்ஷியன் டிரைவர். 163சி என்றால் ஸ்மார்ட்லிங்கே செய்த அட்டை. அதற்குக் கீழே சொல்லும் நிரலோடு எஸ்எல்ஏஎம்ஆர் என்ற கெர்னல் தொகுதியையும் தொகுத்துக்கொள்ள வேண்டும். எதுவும் பிடிபடவில்லை என்றால் லின்மோடம்ஸ் குழுவினரின் ஸ்கேன்மோடம் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். மோடம்டேட்டா என்று ஒரு கோப்பு எழுதிக் கொடுக்கும், உங்கள் சில்லுக்கு எது பொருந்தும் என்று அதில் இருக்கும்.

நிரலைக் கொண்டுவருவது

இணையத்துக்குப் போக நிரல் வேண்டும், நிரலை எடுக்க இணையம் வேண்டும். பென் டிரைவோடு பிரவுசிங் சென்டருக்குப் போவதைத் தவிர வழியில்லை. போவதற்கு முன் மேலே கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும்.

ஸ்மார்ட்லிங்க் நிரலின் பேக்கேஜ் பெயர் எஸ்எல்-மோடம்-டெமன். உபுண்டுவின் பழைய பதிப்புகள் இருக்கும் ஓல்ட்-ரிலீசஸ் தளத்தில் அதைத் தேடி, உங்கள் பதிப்புக்கான டெப் (நிறுவல்) கோப்பை இறக்குங்கள். ஐ386 என்ற 32-பிட் கோப்புதான் வேண்டும். ஒலிக்கணக்கு போடும் பகுதியை ஸ்மார்ட்லிங்க் மூலநிரலாகத் தரவில்லை, தொகுத்த 32-பிட் கோப்பாக மட்டுமே தந்திருக்கிறது. டயல்-அப்பை நம்பியிருப்பவர்கள் 32-பிட் உபுண்டுவையே போட்டுக்கொள்ளுங்கள், நிறையத் தொல்லை மிச்சம்.

டயல் செய்ய டபிள்யூவிடயல் வேண்டும். அது இன்ஸ்டால் சிடியிலேயே இருக்கிறது. சிடியைப் போட்டு, சுடோ ஏபிடி-சிடிராம் ஆட் என்று சொல்லிவிட்டு, சுடோ ஏபிடி-கெட் இன்ஸ்டால் டபிள்யூவிடயல். பென் டிரைவில் கொண்டுவந்ததை சுடோ டிபிகேஜி -ஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை இழுத்து டெர்மினலில் போட்டால் போதும்.

கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

பேக்கேஜ் போட்டவுடனே டெமன் (பின்னணியில் ஓடும் நிரல்) தானாகக் கிளம்பியிருக்கும். முதலில் அதை நிறுத்துங்கள். இல்லையென்றால் சாதனம் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும்.

சுடோ /இடிசி/இனிட்.டி/எஸ்எல்-மோடம்-டெமன் ஸ்டாப்

அப்புறம்:

சுடோ எஸ்எல்மோடம்டி --கன்ட்ரி=இந்தியா --ஆல்சா ஹெச்டபிள்யூ:1

இந்தியா முழுவதும் பெரிய எழுத்து. ஹெச்டபிள்யூவுக்குப் பின்னால் வரும் 1, ஏப்ளே பட்டியலில் பார்த்த கார்டு எண். ஹெச்டிஏ வகையென்றால் ஹெச்டபிள்யூ:0,6. வேறு நாட்டில் இருப்பவர்கள் --கன்ட்ரிலிஸ்ட் என்று கேட்டால் நாடுகளின் பட்டியல் கிடைக்கும். இந்த நாட்டுப் பெயரை அலட்சியமாக விடாதீர்கள். ஒவ்வொரு நாட்டின் தொலைபேசிக் கம்பியும் மின்னளவில் கொஞ்சம் வேறுபடும், சில்லை அதற்கேற்பத் திருப்புவது இந்தப் பெயர்தான்.

எல்லாம் சரியென்றால் சில வரிகள் வந்து, மோடம் சாதனமாக /டெவ்/டிடிஒய்எஸ்எல்0 என்பதைப் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு வரியோடு நிற்கும். டெர்மினல் அப்படியே தொங்கி நிற்கிறதே என்று மூடிவிடாதீர்கள். மோடம் இப்போது உயிரோடு இருப்பதே அந்தச் சன்னலில்தான். அதை விட்டுவிட்டு இன்னொரு டெர்மினலைத் திறங்கள்.

டயல் அமைப்பு

சுடோ ஜிஎடிட் /இடிசி/டபிள்யூவிடயல்.கான்ஃப் என்று திறந்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு இதை எழுதுங்கள். டபிள்யூவிடயல்கான்ஃப் என்ற தானியங்கிக் கட்டளை ஒன்று உண்டு, ஆனால் அது நம் சாஃப்ட்மோடத்தைத் தேடிப் பார்ப்பதில்லை. கையால் எழுதுவதே நல்லது.

[டயலர் டிஃபால்ட்ஸ்]
மோடம் = /டெவ்/டிடிஒய்எஸ்எல்0
பாட் = 115200
இனிட்1 = ஏடிஇசட்
இனிட்2 = ஏடிக்யூ0 வி1 இ1 எஸ்0=0
இனிட்3 = ஏடிஎக்ஸ்3
டயல் கமாண்ட் = ஏடிடிடி
ஃபோன் = 172233
யூசர்நேம் = உங்கள் பயனர் பெயர்
பாஸ்வேர்ட் = உங்கள் கடவுச்சொல்
கேரியர் செக் = நோ
ஸ்டுபிட் மோட் = யெஸ்

ஏடி என்று தொடங்கும் மோடம் கட்டளைகள் எல்லாம் பெரிய எழுத்து. டிடிஒய்எஸ்எல்0 என்பதில் எஸ், எல் இரண்டு மட்டும் பெரிய எழுத்து, கடைசியில் இருப்பது சுழியம். மற்ற வரிகளில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது. 172233 என்பது பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட் டயல்-அப் சேவைக்கு அப்போது இருந்த எண். வேறு கணக்கு வைத்திருப்பவர்கள் தங்களுக்குக் கொடுத்த எண்ணைப் போடுங்கள்.

இவற்றில் இரண்டு வரிகளைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஏடிஎக்ஸ்3 என்பது, டயல் டோனுக்காகக் காத்திருக்காமல் எண்ணைச் சுழற்று என்ற உத்தரவு. நம் ஊர் டயல் டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலி, அதுவும் 25 ஹெர்ட்ஸில் அதிர்ந்துகொண்டே வரும். அமெரிக்க டோனோ 350, 440 என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்தது. அதைப் பழகிய மோடம் நம்முடையதை டோன் என்றே ஏற்காமல் நோ டயல்டோன் என்று நின்றுவிடலாம். கேரியர் செக் = நோ என்பது சாஃப்ட்மோடத்துக்குக் கட்டாயம். டிடிஒய்எஸ்எல்0 உண்மையான சீரியல் வாசல் இல்லை என்பதால், இந்த வரி இல்லாவிட்டால் இணைப்பு வந்த பிறகும் இல்லையென்று டபிள்யூவிடயல் விட்டுவிடும்.

சரி, டயல் செய்யலாம்

தொலைபேசியில் ரிசீவரை எடுத்து டோன் இருக்கிறதா என்று கேட்டு, வைத்துவிட்டு:

சுடோ டபிள்யூவிடயல்

பழைய மோடம் போலக் கீச்சொலி கேட்காது. நிசப்தமாக அரை நிமிடம் போகும். பிறகு கனெக்ட் 44000 என்பது போல ஒரு வரி. பிபிபி (தொலைபேசிக் கம்பியில் இணையத்தைக் கொண்டுவரும் முறை) தொடங்கி, லோக்கல் ஐபி, டிஎன்எஸ் முகவரிகள் வரிசையாக வரும். முதன்முதலில் அந்த டிஎன்எஸ் வரியைப் பார்த்த ராத்திரி வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

56 கிலோபிட் மோடத்தில் ஏன் 44 மட்டும் என்று கவலைப்படாதீர்கள். 56 என்பது கம்பி மிகச் சுத்தமாக இருந்தால் எட்டும் எல்லை, அதுவும் இறக்கும் திசையில்தான். ஏற்றும் திசையில், வி.90 என்ற 56 கிலோபிட் மோடம் தரத்தில், 33.6 கிலோபிட் மட்டுமே. 44000 என்றால் நொடிக்கு ஐந்தரை கிலோபைட், ஒரு எம்பி இறக்க மூன்று நிமிடம். அப்போது அஞ்சலுக்கும் படிப்பதற்கும் அது தாராளம்.

நின்றுபோனால்

நோ கேரியர் என்று வந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள். அதே கம்பியில் இணையாக மாட்டிய இரண்டாவது தொலைபேசியைக் கழற்றிவிட்டு முயலுங்கள். கால் வெயிட்டிங் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், நடுவில் வருகிற அந்தச் சிறு பீப் ஒலி இணைப்பை அறுத்துவிடும். டிடிஒய்எஸ்எல்0 கிடைக்கவில்லை என்றால் முதல் சன்னலில் நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எல்லோரையும் குழப்புவது இது: ஐபி முகவரி வந்துவிடும், பக்கம் மட்டும் திறக்காது. லேன் கேபிள் எதிலாவது மாட்டியிருந்தால் கணினி அந்த வழியாகவே வெளியே போகப் பார்க்கும். கேபிளைப் பிடுங்கி, சுடோ ரூட் டெல் டிஃபால்ட் (இங்கே ரூட் என்பது வழி என்ற பொருளுள்ள ஆர்-ஓ-யு-டி-இ) என்று அடித்துவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள்.

இடி மின்னல் வரும்போது தொலைபேசி ஒயரை மோடத்திலிருந்து கழற்றிவிடுங்கள். கணினியை அணைத்தால் மட்டும் போதாது. ஐப்பசி மழையில் என் முதல் மோடம் போனது அணைத்து வைத்திருந்த கணினியில்தான்.

ஒவ்வொரு முறையும் கையால் வேண்டாமென்றால்

/இடிசி/டிஃபால்ட்/எஸ்எல்-மோடம்-டெமன் கோப்பைத் திறந்து, கன்ட்ரி வரியில் இந்தியா என்றும் டிவைஸ் வரியில் ஹெச்டபிள்யூ:1 என்றும் மாற்றுங்கள். முதல் சன்னலில் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திவிட்டு, முன்பு ஸ்டாப் என்று சொன்ன அதே கட்டளையை ஸ்டார்ட் என்று சொல்லுங்கள். இனிக் கணினி தொடங்கும்போதே மோடமும் தயாராக இருக்கும். டெர்மினல் பிடிக்காதவர்கள் க்னோம்-பிபிபி போட்டுக்கொள்ளலாம். அது டபிள்யூவிடயலுக்கே ஒரு முகப்பு.

வேலை முடிந்ததும் டயல் செய்த சன்னலில் கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். பிரவுசரை மூடினால் இணைப்பு அறுந்துவிடாது, மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, டயல் டோன் திரும்பி வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.